அக்கா விசாவுக்காகத் தள்ளிப்போன கல்யாணம்

ஐ.எஸ்.டி. பூத்தில் ராத்திரி வேலை பார்ப்பவனுக்கு ஊரார் கவலையில் பாதிதான் காதில் விழும். மீதிப் பாதி அமெரிக்காவில் இருக்கும். கேட்காத பாதியை நாமே இட்டு நிரப்பிக்கொண்டு, பகலில் படுத்தும் தூங்காமல் புரளவேண்டியதுதான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு டெலிபோனையே பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இது தெரியாததா? இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் காவல் காத்த கண்ணாடிக் கூண்டுக்கு ஒரு குடும்பம் விடாமல் வந்துபோனது.

சோறு பொங்கலாம்

சவரிமுத்து, ரிட்டயர் ஆன வாத்தியார். மூத்த மகள் ஜெசிந்தாவுக்கும் மாப்பிள்ளை அந்தோணிக்கும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. இங்கே முதல் பூசை மணி அடிக்கும்போது அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பேசிவிட்டுக் கோயிலுக்குப் போவார்.

ஒருநாள் கூண்டுக்குள் நின்றபடியே, "போயிருச்சா? எப்ப?" என்று கத்தினார். ஜெசிந்தாவின் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். வேலை போனால் வேலை விசாவும் போச்சு. புருஷனைச் சார்ந்து இருக்கிற டிபென்டன்ட் விசாவுக்கு மாறினால்தான் அங்கே தங்கலாம். மாப்பிள்ளையின் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்ததால், விட்டுவிட்டு வரவும் மனசில்லை. அன்றைக்கு வாத்தியார் கோயில் பக்கமே போகவில்லை. "எம்.எஸ்ஸி. படிச்ச புள்ளப்பா. சோறு பொங்கலாமாம், சம்பளம் வாங்கக் கூடாதாம்."

ஓலை வாசித்தாச்சு

இளையவள் பிரமிளாவுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டாகிவிட்டது. தடை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜெசிந்தாவுக்குப் புது வேலை கிடைத்து, திரும்பவும் வேலை விசாவுக்கு மாற மனுப் போட்டிருந்தாள். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே வந்தால் அந்த மாற்றம் ரத்து. அக்கா இல்லாமல் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறக்கூடாது என்று வாத்தியார் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்.

"கோயில் சாமியார் கேக்குறாருப்பா, 'வாத்தியாரே, கல்யாணம் பிரமிளாவுக்கா, விசாவுக்கா'ன்னு."

பூக்கூடைக்காரர்

ஜெசிந்தாவுக்கு வேலை விசா வந்தது. வந்த கையோடு அந்தோணிக்கு வேலை போனது. அவன் கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனுவும் கூடவே போனது. இப்போது அவன் அவளுக்கு டிபென்டன்ட்.

அந்தோணியின் அம்மா சாணார்பட்டிக்காரர். பூ மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு, காலிக் கூடையோடு பூத்துக்கு வந்தார். "ஏலே அந்தோணி, பகலெல்லாம் என்னலே பண்ற? ... பாத்திரமா? அம்புட்டும் நீயா?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டோட மாப்பிள்ளையா இருக்கணும்னா பக்கத்துல ஆத்தூர்லயே பொண்ணு இருந்துச்சேப்பா! அதுக்கு எதுக்குப் பிளேன் ஏறிப் போனான்?"

பிரமிளா பேசினாள்

ஜெசிந்தாவின் கம்பெனி புதிதாக ஒரு கிரீன் கார்டு மனுப் போட்டது. மறுபடி வரிசையில் கடைசி. ஆவணி நெருங்கிவிட்டது. இப்போது அவள் வரலாம். ஆனால் திரும்பிப் போகச் சென்னையில் புது விசா முத்திரை வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவள் இங்கே மாட்டிக்கொள்வாள், அவளை நம்பி இருக்கிற அந்தோணி அங்கே அந்தரத்தில் நிற்பான். பிரமிளாவை நிச்சயம் செய்த வீட்டாரோ, இன்னொரு தேதி கேட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீதான் பூத்துக் கம்ப்யூட்டர்ல விசா சமாச்சாரம் எல்லாத்தையும் படிக்கிறியே, வரச் சொல்லவா, வேணாமா?" என்று வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானாகக் கற்றுக்கொண்ட அரைகுறை இங்கிலீஷில் படித்ததெல்லாம் முத்திரை கிடைக்காமல் இங்கேயே மாட்டிக்கொண்டவர்களின் கதைகள்தான்.

மறுநாள் பிரமிளாவே வந்தாள். அப்பாவை வெளியே நிறுத்திவிட்டுக் கூண்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது: "அக்கா, நீ வராத. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்." ரிசீவரை வைத்தாள். பிறகு வெளியே வந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னாள்: "சரின்னு அக்கா ஒடனே சொல்லிட்டாண்ணே. யாராச்சும் வராதன்னு சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா."

ஆவணியில் அக்கா இல்லாமலே கல்யாணம் நடந்தது. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டு மகள் அங்கே காத்திருந்த வருஷமெல்லாம், அப்பா எங்கள் பூத்தில்தான் நிரந்தரமாகக் குடியிருந்தார்.