முகூர்த்தப் புடவையும் மொட்டை டயரும்

என் மருமகனுடைய சரக்கு வேனைப் பின்சக்கரங்கள்தான் தள்ளுகின்றன. எட்டு வருஷம் ஓட்டியும் அவருக்கு அது உறைக்கவில்லை. புது டயர் இரண்டு வாங்கியவர், ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது என்று அவற்றை முன்னால் மாட்டினார். மொட்டை டயர் இரண்டும் பின்னால் போயின. புதியவை பின்னால்தான் வேண்டும் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் பௌதிகம் நடத்தியவன் பேச்சு வீட்டில் எடுபடுமா?

நெசவாளர் ஊரான முள்ளிப்பட்டில் நாங்கள் புடவை ஏற்றப் போனதற்கு முதல் நாள் மழை. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வேறு தெருச் சேற்றில் கலந்திருந்தது. வண்டியில் பதினொரு புடவை, மொத்தம் பத்து கிலோகூட இல்லை. அவற்றில் ஒன்று முகூர்த்தப் புடவை. அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போளூருக்கு வராவிட்டால் கடையில் வேறு எடுத்துக்கொள்வோம் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கேட்ட நிறத்தில் நெய்தது. நெய்தவர் தலையில்தான் அது விழும்.

எட்டு நாற்பதுக்குச் சக்கரம் புதைந்தது. மருமகன் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் குழி ஆழமானது, என் வேட்டியில் சேறு தெறித்தது. தெருவிலிருந்த நெசவாளர்கள் ஐந்து பேர் பின்னால் வந்து வண்டியைத் தூக்கித் தூக்கித் தள்ளினார்கள். சக்கரத்தின் மேல் இருந்த கொஞ்சம் பாரமும் போயிற்று. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"தூக்காதீங்க! பின்னால ஏறி உக்காருங்க. பாரம் இருந்தாதான் சக்கரம் பிடிக்கும்" என்றேன்.

மருமகன் எட்டிப் பார்த்தார். "மாமா, சும்மா பேஜார் பண்ணாதீங்க. வெள்ளைத்துணி விரிச்சி பட்டு வெச்சிகீறேன். சேத்துக் காலோட ஏத்தச் சொல்றீங்களே."

அந்த ஐவரில் ஒருவரான, முகூர்த்தப் புடவையை நெய்தவர் முழங்கால் வரை சேறாக நின்றிருந்தார். "இன்னாங்க இது? இதே காலால பதினேழு நாளு தறி மெதிச்சிகினு நெஞ்சேன். அப்ப தீட்டு இல்ல, இப்ப வந்துடுச்சா?"

"அது தறிக்குழிங்க. இது வண்டி."

"அப்ப நீயே தோள்ல தூக்கிகினு போ. ஜல்தி போ!"

ஒன்பதரை ஆகிவிட்டது. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பதினொரு புடவையையும் எடுத்து முன்சீட்டில் என் மடியில் துண்டை விரித்து வைத்துக்கொண்டேன். ஐந்து பேரும் ஏறிப் பின்சக்கரங்களுக்கு மேலே நெருங்கி உட்கார்ந்தார்கள். "ரெண்டாவது கியர். மெதுவா" என்றேன். வண்டி ஒரு முறை முனகி, ஏதோ நல்ல சாலையில் ஓடுவதுபோல நகர்ந்து வெளியே வந்தது. தார்ச்சாலையில் ஐவரும் இறங்கிக்கொண்டார்கள். மருமகன் சேறான வெள்ளைத்துணியைச் சுருட்டி என் காலடியில் எறிந்தார்.

போளூரை அடைந்தபோது பத்து இருபத்திரண்டு. பெண்ணின் தாயார் தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்தார்.

"சுத்தமா கொண்டாந்தீங்களா?"

"எங்க வண்டியில வேற ஆள் கால் படாதுங்கம்மா. நெஞ்சவங்களக்கூட ஏத்த மாட்டேன்" என்றார் மருமகன், கொஞ்சமும் கூசாமல்.

அந்த அம்மாள் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எட்டு நிமிஷம் இருந்தது. சொன்னால் புடவை முள்ளிப்பட்டுக்கே திரும்பிவிடும். எட்டு நிமிஷமும் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.