செருப்பைக் கழற்றிய இடம்

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என் வகுப்பில் பாதிப் பேர் ஊட்டிக்குப் போனார்கள். நாங்கள் துனிசியாவுக்குப் போனோம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்க நான் முன்கூட்டியே தமுக்கடித்துவிட்டிருந்தேன். அப்பா அங்கே ஓர் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் அறையில் ஒரே ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் இருந்தன. நாங்கள் முறை வைத்துச் சாப்பிட்டோம். ஊர் சுற்றிப் பார்ப்பதில் எனக்கு அக்கறையே இல்லை. திரும்பும்போது அப்பாவையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் இருந்த ரோமானியர் காலத்து இடிபாடுகளுக்கு அழைத்துப் போனார். “இடிஞ்ச செவுத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்று அம்மா குடைக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். வாசலில் இருந்த காவலர் எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். அப்பா இந்த ஊரில் பெரிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில தூண்கள் மட்டும் மிஞ்சியிருந்த மேடையைக் காட்டி, “இது அந்தக் காலத்துக் கோயில்மா” என்றார் அப்பா. திருநீர்மலைக் கோயில் படிகளில் பழகிய கால் சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றிப் படியில் விட்டுவிட்டு, சுடுகல்லில் குதித்துக் குதித்துப் பிரதட்சிணம் செய்தேன். கருவறை இருக்க வேண்டிய இடத்தில் கடல்தான் தெரிந்தது.

“சாமியே இல்லையேப்பா. அப்பா நம்ம வீட்டுக்கு வந்துடணும்னு யாருகிட்ட கேக்கறது?”

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் வெறுங்காலோடு நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். அவருடைய செருப்பு படியில் என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. காவலர் அதைச் சுட்டிக்காட்டி, அம்மாவிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “எவ்ரி சண்டே. அலோன்” என்றார். அம்மா குடையை மடக்கிவிட்டு, தன் செருப்பையும் கழற்றினாள்.

அப்பா எங்களோடு வரவில்லை. விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். சாமி இல்லாத கோயில் என்னை ஏமாற்றிவிட்டதென்று வழியெல்லாம் அழுதேன். ஆனால் தாம்பரம் வந்ததும், கோயிலில் செருப்பைக் கழற்ற அப்பாவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தச் சுடுகல்லில் நின்று, நான் ஒருநாள் கேட்டதையேதான் அவர் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.