ஐந்து வயதில் முகப்பரு

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது முகத்தில் பரு வந்தது. வேர்க்குரு இல்லை, கொசுக்கடியும் இல்லை. காலேஜ் போகிற பெண்களுக்கு வருமே, அந்த மாதிரி கன்னத்திலும் முகவாயிலும் சிவந்து, சிலது நுனியில் வெளுத்து, அசல் பரு. பால் பல் ஒன்றுகூட விழாத முகத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். பரு மட்டும் தப்புமா? எதிர்வீட்டு அக்கா அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, இப்பவே வயசுக்கு வந்துடுவா போலகீது" என்று சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே, "அட, மண்ணுதாம்மே. ஆடிக் காத்து அடிக்குது இல்ல?" என்று சமாதானம் சொன்னார்.

மண் என்றால் சயனைடு மேட்டு மண். சுரங்கம் நடந்த காலத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணை மலைமலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மாவு மாதிரி இருக்கும். ஆடிக் காற்றில் அது கிளம்பினால் காயப்போட்ட துணி, ஊற்றிவைத்த தண்ணீர், கண் இமை எல்லாம் ஒரே நிறம். அதனால் எங்கள் ஊரில் எது வந்தாலும் பழி மண்ணுக்குத்தான். இருமினால் மண், முடி கொட்டினால் மண், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாலும் மண்ணாகத்தான் இருக்கும். பழியில் நியாயமும் உண்டு. சுரங்கத்துக்குள் என் மாமனார் மூச்சோடு இழுத்த தூசி கடைசிவரை அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அவர் பெற்ற பிள்ளை, என் கணவர், "மண்ணுதான், காத்து நின்னா போயிடும்" என்றார்.

"மண்ணுன்னா லைன்ல இருக்கிற எல்லாப் புள்ளைங்களுக்கும் வரணுமே. இவளுக்கு மட்டும் தனியா பார்சல் வருதா?" என்றேன்.

ஆவணி பிறந்து காற்று நின்றது. பரு நிற்கவில்லை. அவர் தினமும் பெங்களூர் வேலைக்கு ஏறுகிற காலை ரயிலில் ஒருநாள் நானும் மகளும் ஏறினோம்.

குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற பெண் டாக்டர். பருவைப் பார்த்துவிட்டு ஒரு மருந்து எழுதித் தருவார் என்று நினைத்திருந்தேன். அவரோ திடீரென்று உயரமாகிறாளா, வியர்வையில் பெரியவர்கள் வாடை வருகிறதா, அக்குளில் முடி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். மார்பையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். "கைக்குழந்தைக்கு வந்தா பெரும்பாலும் தானா போயிடும். ஒன்பது, பத்து வயசுல வந்தா பருவம் வரப்போகுதுன்னு வெச்சுக்கலாம். நடுவுல, இந்த வயசுல வந்தா மட்டும் சும்மா விடக்கூடாது. உள்ள ஹார்மோன் முந்திக்கிச்சான்னு பார்த்துடணும்" என்றார். ரத்தம் எடுத்தார்கள். இடது கைக்கு எக்ஸ்ரே. உடம்பு வயதை மீறி ஓடியிருந்தால் எலும்பு காட்டிக்கொடுத்துவிடுமாம்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே அவளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் பெண்ணுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. பாத்ரூமில் பல்லி இருந்தால் ஊரைக் கூட்டுவாள். அவளைக் கேட்காமலே அவள் உடம்பு பெரியவளாகிவிட்டால் நான் அவளுக்கு என்னவென்று சொல்வேன்? வயிற்றுக்குள் கட்டிகிட்டி இருந்துவிட்டால்? தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "எலும்புக்கும் அஞ்சு வயசுதான்" என்றார். நான் அழுதேவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரோடு மூன்று பேருமாகப் போய் வாங்கிய ரத்த ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

"அப்போ பரு எப்படி வந்துச்சு? முகத்துல என்ன தடவறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"தேங்காய் எண்ணெய்கூட இல்லைங்க" என்றேன்.

"அப்பா க்ரீம் போடுவாரே, டெய்லி" என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தரையைப் பார்த்தபடி க்ரீம் பெயரைச் சொன்னார். கோடையில் அவள் கன்னத்தில் தேமல் வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூப் அது. தேமலோடு அதுவும் போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மண் முகத்தில் ஒட்டிப் புண்ணாகிவிடக் கூடாதே என்று அவர் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். பரு வந்ததும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. நான் சமையலறையில் இருக்கிற நேரத்தில் அப்பாவும் பெண்ணும் நடத்திய வைபவம்.

"அதுல ஸ்டீராய்டு இருக்கு. படைக்குப் போடறது. குழந்தை முகத்துல மாசக்கணக்கா தடவினா பரு வரும்" என்றார் டாக்டர். "நிறுத்தினதும் முதல்ல இன்னும் சிவக்கும். பயந்துபோய் மறுபடி தடவிடாதீங்க. வந்து காட்டுங்க." அப்படியே ஆயிற்று. தக்காளி மாதிரி சிவந்து, பிறகு மெல்ல மெல்லத் தணிந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, ரயிலில் பங்காருபேட்டை வரும்வரை அவரை வறுத்தெடுத்தேன். "நல்லதுன்னுதாம்மா போட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. காலையில் அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுகிற மனிதர். அவளோடு அவருக்குக் கிடைப்பதே அந்தச் சாயங்கால நேரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் ட்யூபைக் குப்பையில் போட்டேன். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்த மகள், வழக்கம்போல அவர் முன்னால் போய், முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். வெறும் கையால் அவள் இரண்டு கன்னத்தையும் மெதுவாகத் தடவினார்.

"முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"இன்னும் கொஞ்சம் இருக்குது" என்றார்.