வேர் இல்லாத முடி

என் தம்பி காரைக்குடியில் எலக்ட்ரீசியன். தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்குத் தோள்வரை முடி இருந்தது. பெண் அமைந்தால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். தேவகோட்டையில் பெண் அமைந்தது. முடியைக் கொடுத்துவிட்டுப் பளபளவென்று ஊர் திரும்பினால், பஸ் ஸ்டாண்டிலேயே போலீஸ் நிற்கிறது.

அவன் புறப்படுவதற்கு முந்தைய இரவு கோட்டையூரில் ஓர் ஆச்சி வீட்டில் வெள்ளிக் குடம் களவு போயிருந்தது. அந்த வீட்டில் அப்போது வயரிங் வேலை பார்த்தவன் இவன். திருடன் கம்பியை வளைத்து நுழைந்த ஜன்னலில் ஒரு சாண் நீளத்தில் முடிகள் சிக்கியிருந்தன.

இன்ஸ்பெக்டர் ஏதோ பத்திரிகையில் டி.என்.ஏ. பற்றிப் படித்திருந்தார். ஒரு முடி போதும், ஆளைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. சாட்சியை அழிக்கத்தான் இவன் மொட்டை போட்டான் என்றும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர்.

"மொட்டை போட்டா டி.என்.ஏ. போயிருமா சார்? அது ரத்தத்துலயும் இருக்கு. எடுத்துப் பாருங்க" என்று ஸ்டேஷனிலேயே பாடம் நடத்தினேன். தம்பியும் கையை நீட்டினான். ரத்தமும் முடியும் சென்னைக்குப் போயின.

பெண் வீட்டார் நல்லவர்கள்தான். ஆனாலும், ரிசல்ட் வந்த பிறகு மாதா கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கலாம் என்றார்கள். எங்கள் செக்காலைப் பகுதி டீக்கடையில் வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. "என்ன மாப்ளே, டீ என்னாச்சு?" என்று டி.என்.ஏ.வையே கேலியாக்கினார்கள். "இன்னும் கொதிக்குதுண்ணே" என்பான் தம்பி. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஒருவழியாக ரிசல்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முடியில வேரே இல்லையாம் டீச்சர். வேர் இல்லாட்டி டி.என்.ஏ. எடுக்க முடியாதாம். ரெண்டு முனையும் வெட்டுன முடியாம். அதுவும் ஒரே ஆளுது இல்லையாம். அப்ப உங்க தம்பி கூட்டம் சேத்துக்கிட்டுல்ல போயிருக்கான்!"

திருடப் போன இடத்தில் வரிசையாக உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார்களாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை தலை பின்னும்போது என் கண் சுவரிலிருந்த ஆணியில் நின்றது. அதில் என் சவுரி தொங்கியது. பல தலைகளின் முடி, இரண்டு முனையும் வெட்டியது, வேர் ஏது?

மாலையே கோட்டையூர் பஸ் ஏறினேன். அந்த ஆச்சியின் கொண்டைக்கு ஊரில் தனி மரியாதை. விசேஷ வீடுகளில் பெண்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? என் சவுரியை அவிழ்த்து மடியில் வைத்தேன்.

"ஆச்சி, எனக்கே பாதி கடையில வாங்குனதுதான்."

ஆச்சி எழுந்து கதவைச் சாத்தினார்.

"அலசி அந்தச் சன்னல்லதான் காயப்போட்டேன். போலீஸ்காரவுக காட்டுறப்பவே தெரியும். சொன்னா ஊரே சிரிக்குமே."

"தம்பி கல்யாணம் நிக்குது ஆச்சி." எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆச்சியே ஸ்டேஷனுக்கு வந்தார். இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் பார்க்கப் பார்க்கக் கொண்டையிலிருந்து சவுரியை உருவி மேசைமேல் வைத்தார். தலையில் எலுமிச்சங்காய் அளவு முடிச்சு மிஞ்சியது.

"இந்தாங்க உங்க திருடன். இதுக்கும் ரத்தம் எடுப்பீகளா?"

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். முடி போனதும் தம்பி மேலிருந்த சந்தேகமும் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓலை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்கு ஆச்சி அந்த எலுமிச்சங்காய்க் கொண்டையோடுதான் வந்தார், அதைவிடப் பெரிதாக மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு. அப்போதுதான் முடி முளைத்திருந்த தலையோடு தம்பி அவர் காலில் விழுந்தான்.

"எந்திரிய்யா" என்றார் ஆச்சி, அவன் தலையைத் தடவிக்கொண்டே. "ஒனக்காச்சும் வளரும்."