பெரிய வாத்தியார் சாப்பிட்ட சோறு

கொல்லிமலை அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் உதவி ஆசிரியராகப் போனபோது வெள்ளைக்காரன் ஆட்சி. மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் படுக்கையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் மேலே வந்து இறக்குவதற்குள் பாதிப் பகல் போய்விடும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு வாத்தியார்கள் வர மாட்டார்கள். தப்பித் தவறி வந்தவர்களும் மூன்றாம் மாதமே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிடுவார்கள். அப்படி எழுதிப் போடாத ஒரே ஆள் எங்கள் தலைமையாசிரியர். அதற்காக அவரை மதித்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் அவரோடு மல்லுக்கு நின்றேன்.

ஊர்க்காரர்களுக்கு அவர் பெரிய வாத்தியார், நான் சின்ன வாத்தியார். பெரிய வாத்தியாருக்கு நேரம்தான் சாமி. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார். பிந்தி வருகிற பிள்ளை மத்தியானம் வரை வெளியே நிற்க வேண்டும். பதிவேட்டில் அன்று வரவில்லை என்றுதான் விழும். அப்படி வெளியே நின்றவர்களில் முக்காலே மூன்று வீசம் நாள் நின்றவள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே அவள் ஒருத்திதான் பெண்பிள்ளை. உள்ளே நாங்கள் வாய்ப்பாடு சொன்னால் வெளியே நின்று அவளும் சொல்லுவாள், உள்ளே இருப்பவர்களைவிடச் சத்தமாக. பெரிய வாத்தியார் காதில் விழாத மாதிரி இருப்பார்.

ஏன் பிந்தி வருகிறாய் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "கெழங்கு வேகலீங்க சாமி."

பெரிய வாத்தியாருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. அவள் தலை தெரிந்ததும், "என்ன, இன்னைக்கும் கெழங்கு வேகலையா?" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அவர்கள் குடியிருப்புப் பக்கம் போனேன். பள்ளத்தைத் தாண்டி இரண்டு கல் தொலைவு. அவள் காட்டோரத்தில் ஒரு குழிக்குள் பாதி உடம்பை விட்டுக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். போன வருஷத்துச் சாமை சித்திரையோடு தீர்ந்துபோயிருந்தது. இனி விதைத்து அறுக்கும் வரை காட்டுக் கிழங்குதான் சோறு. தோண்டின கிழங்கைச் சீவி ஓடையில் அலசி வேகவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். சாயங்காலம் தோண்டுவது ராத்திரிக்குச் சரியாகிவிடும். காலைக்கு விடிந்தபிறகுதான் தோண்ட முடியும், இருட்டில் காட்டுக்குள் போனால் கரடி. அப்பன் விடியும்போதே காரவள்ளிக்குச் சுமை தூக்கப் போய்விடுவான். அம்மா காய்ச்சலில் கிடந்தாள். தம்பி தங்கை இரண்டு. இவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டு அவள் ஓடி வருவதற்குள் எங்கள் கதவு சாத்தியாகிவிடும். அவள் சொன்னது சாக்கு இல்லை. கிழங்கு நிஜமாகவே வேகவில்லை.

அந்த வீட்டில் கண்ணில் படும்படி ஒரே ஒரு பொருள் இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில் சாணி மெழுகிய ஒரு மூங்கில் கூடை. அதன் வாயையும் மண்ணும் சாணியும் குழைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே என்ன என்று கேட்டேன். படுத்திருந்த அம்மா, "அது விதைச் சாமைங்க" என்றாள், எடுத்துக்கொண்டு போய்விடுவேனோ என்பதைப் போல. புகை பட்டால் பூச்சி விழாது, விதைக்கிற அன்றுதான் அடைப்பை உடைப்போம் என்றும் சொன்னாள்.

மறுநாளே பெரிய வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. கதவைக் கொஞ்சம் பொறுத்துச் சாத்தினால் குடி முழுகிவிடுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அப்பனுக்கு நிலம் இருக்கிறதே, நிலம் இருக்கிறவன் எப்படி ஏழை என்றார். ஆடி கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார், வராத பேர்கள் பதிவேட்டில் நிறைய இருந்தால் பள்ளிக்கூடத்தையே மூடச் சொல்லி எழுதிவிடுவார், ஒரு பிள்ளைக்காக நாற்பது பிள்ளையைத் தெருவில் விடலாமா என்றார். அவள் பேரை அடித்துவிட்டு அடுத்த வருஷம் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமாம். அடுத்த வருஷம் அவளுக்குப் பதினொன்று. அந்த வயதுக்கு மேல் ஒரு பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிய வீட்டை அந்த மலையில் நான் பார்த்ததில்லை. பேரை அடித்தால் அதோடு சரி.

"ஒரு தடவை வந்து பாத்துட்டு அடிங்க ஐயா" என்றேன். அவர் நியாயமான மனிதர். சரி, வருகிறேன் என்றார்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நிற்பது மரியாதை இல்லை. அதனால், நாளைக்கு மத்தியானம் பெரிய வாத்தியாரும் நானும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம், அப்பனைச் சுமைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல் என்று அவளிடமே சொல்லி அனுப்பினேன். அவள் பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை மாதிரி ஒரு முட்டாளை நான் இதுவரை பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கு வரவேயில்லை. பெரிய வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் குறித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாரல் விட்டிருந்தது. வாசல் புதுச் சாணம் தெளித்துப் பளிச்சென்று இருந்தது. அம்மா எழுந்து, தலை சீவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளைகள் இரண்டையும் காணோம். பாய் விரித்திருந்தது. விருந்தாளியைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போடுகிற வழக்கம் அங்கே இல்லை. அதனால் ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டரும் பங்காளிகள் நான்கு பேரும் எங்களோடு உட்கார்ந்தார்கள். வாழை இலை விழுந்தது. அந்தப் பெண் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆவி பறக்கச் சாமைச் சோறு. மேலே அவரைக் குழம்பு. இலை ஓரத்தில் தேன்.

நான் அடுப்புப் பக்கம் பார்த்தேன். பரணில் கூடை வாய் திறந்து கிடந்தது. அடைத்திருந்த மண் கட்டி கட்டியாக அடுப்போரம் கூட்டி வைத்திருந்தது. சோறு பரிமாறிய அவள் கை உள்ளங்கையில் உலக்கை பிடித்த கொப்புளம் இருந்தது. அன்று காலை அவள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்க்கவுண்டர் இரண்டு கவளத்தோடு இலையை மடித்தார். பங்காளிகளும் கை நனைத்தோம் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்தார்கள். அது விதைச் சாமை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பெரிய வாத்தியாருக்குத்தான் தெரியாது. இரண்டு கல் நடந்த பசி. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். அந்த அப்பன் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன சொல்வது? இவர்கள் விதையைச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரார் முன்னால் அவர்கள் மானத்தை வாங்குவதா? சாப்பிடாமல் எழுந்தால் அதைவிடக் கேவலம். என் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன்.

திரும்பும்போது பெரிய வாத்தியார் உற்சாகமாக நடந்தார். ஏழு பேருக்கு விருந்து வைக்கிற வீட்டில் கிழங்கு வேகவில்லையாம் என்று சிரித்தார். நான் நடு வழியில் நின்று, நீங்கள் சாப்பிட்டது விதை என்று சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. திரும்பி என்னைக் கேட்டார்.

"ஏனுங்க, நானும் குடியானவன் பையன்தான். வெதையத் திங்கற குடியானவன் எங்கீங்க இருக்கான்?"

நானும் குடியானவன் பையன்தான். எங்கள் வீட்டில் பட்டினி கிடந்த வருஷத்திலும் விதையில் கை வைத்ததில்லை. கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அவர் சொன்னதையே சொல்லியிருப்பேன். திரும்பி வந்து அந்தக் கூடையைப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"வயிறாரச் சாப்பிட்ட ஊட்டுல திரும்பிப் போயி கூடையை எட்டிப் பாக்கச் சொல்றீங்களா?" என்றார். அருவருப்போடு கேட்டார். ஒரு மரியாதைக்காக அவர்கள் விதையைப் போட்டார்கள், ஒரு மரியாதைக்காக இவர் பார்க்க மறுத்தார், இரண்டையும் கோத்து விட்டவன் நான்.

அன்று சாயங்காலம் சிவப்பு மையில் அவள் பேர் அடிபட்டது. கோடு போடுகிறபோது அவர் முகத்தில் கடுமை எதுவும் இல்லை. தீர விசாரித்துவிட்டுச் செய்கிற காரியம் என்ற நிம்மதி இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பேனாவையா பிடுங்க முடியும்?

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அவர்களைப் பார்த்தேன். அப்பன் தோளில் காலிச் சாக்கு. பின்னால் அவள், தலையில் மடித்த இன்னொரு சின்னச் சாக்கு. மலையின் இன்னொரு பக்கம் குண்டூர் நாட்டில் அவளுடைய அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், வீட்டுக்குப் போகிறார்கள், விதை கேட்க. மழை பிடித்துவிட்டது, இந்த வாரம் விதைக்காவிட்டால் இந்த வருஷமே இல்லை. விதைக்குப் பதிலாக அவள் அங்கேயே இருந்து களையெடுத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்பனைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். கிழங்கு இருந்ததே, அதைப் போட்டிருக்கலாமே, அதைப் பார்க்கத்தானே அவரைக் கூட்டி வந்தேன்?

அவன் என் கோபத்தைக் கண்டு திகைத்துப் போனான். "ஊட்டுக்கு வந்தவருக்குக் கெழங்கப் போட்டா எங்கள என்னன்னு நெனப்பாருங்க சாமி? வந்தவருக்கு ஒரு வாய் சோறு போட வக்கில்லாதவன் புள்ளைக்குப் படிப்பு ஒரு கேடான்னு நெனச்சிருவாருங்களே."

சாரல் மறுபடி பிடித்தது. அவன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான். அவள் மட்டும் போகாமல் நின்றாள்.

"பெரிய வாத்தியாருக்குச் சோறு புடிச்சுதுங்களா சாமி?"

"ரொம்பப் புடிச்சுதுன்னாரு கண்ணு" என்றேன். அது பொய் இல்லை.

அவள் முகம் நிறைந்துவிட்டது. கொப்புளம் உடைந்த கையால் தலைச் சாக்கைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"அப்பக் களையெடுப்பு முடிஞ்சதும் வந்தர்றனுங்க. எம் பேரு இருக்குமுல்லீங்க?"

அப்பன் கூப்பிட்டான். என் பதிலுக்கு நிற்காமல் அவள் ஓடிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்து கதவு சாத்தியிருந்தது. அன்று நானும் வெளியேதான் நின்றேன்.