சாந்தினியின் காடியில் கை வைத்தவர்

என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சூதாட்டம் இல்லை. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் எங்கள் கார்ப் பட்டறைக்கு எந்தக் காடி வந்தாலும், பானட்டைத் திறந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யாரு இதுல கை வச்சது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே முன்னால் பார்த்த மெக்கானிக்கின் மானம் கப்பலேறிவிடும். பதினெட்டு வருஷமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன், கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் சாந்தினியின் வெள்ளைக் காடி எண்ணெய் ஒழுகிக்கொண்டு வந்தபோதும் அதையேதான் கேட்டார். செமிலிங்கில் பட்டறை வைத்திருக்கும் பிச்சை அண்ணன் என்றாள் அவள். பிச்சையும் இவரும் பாடாங் மேஹா தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒழுகியதற்குக் காரணம், பழசாகி வெடித்துப்போன ஒரு ரப்பர் வளையம். பிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் கண் முன்னால்தான் இவர் அதை மாற்றினார். ஆனாலும், "பிச்சைகிட்ட குடுத்தா இப்படித்தான்லா" என்றார். சாந்தினி சும்மா இருப்பவளா? தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தர் விடாமல் சொன்னாள். பிச்சையிடம் காடிகள் வருவது நின்றது. இப்போது மோட்டார் சைக்கிள்தான் பார்க்கிறார். அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜையன்று டைமிங் பெல்ட் மாற்றுவதற்காக அதே காடி எங்கள் பட்டறையில் நின்றது. என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைக் கழற்றி, கருவிகளோடு தட்டில் போட்டிருந்தார். நான் சந்தனம் குழைத்து, தட்டில் கிடந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அந்த போல்ட்டுக்கும் வைத்தேன், சரியாகத் திருகு மரையின் மேலேயே.

மறுநாள் மாலை ஐந்துக்குச் சாந்தினி வருவதாகச் சொல்லியிருந்தாள். ஏழு மணிக்கு அவளுக்கு வேலை. இவர் அவசரத்தில் போல்ட்டைத் துடைக்காமல் வைத்து, காற்றுத் துப்பாக்கியால் முடுக்கினார். இரண்டு சுற்றிலேயே இறுகியது.

"சந்தனம் காஞ்சு பிடிக்குது" என்று முனகிக்கொண்டு இன்னும் அழுத்தினார்.

பிடித்தது சந்தனம் இல்லை. போல்ட் கோணலாக ஏறியிருந்தது. கழற்றி எடுத்தபோது அதன் மரையெல்லாம் பிய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஷாஃப்டின் துளைக்குள்ளும் முதல் நாலு சுற்று மரை நசுங்கிக் கிடந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. "அழகு..." என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பழி என் சந்தனத்தின் மேல்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

புது போல்ட் கடையில் கிடைத்தது. மரையைத் திரும்ப வெட்டும் டேப், அந்த அளவில் எந்தக் கடையிலும் இல்லை. அது இருக்கும் இடம் இவருக்குத் தெரியும். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கடைசியில், "பிச்சை, ஒரு டேப் வேணும்டா" என்றார்.

பிச்சை டேப்பைக் கொடுத்தனுப்பவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தானே வந்தார். துளைக்குள் பார்த்தார். யார் கை வைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"உள்ள மரை நல்லாத்தான் இருக்கு. வாய் மட்டும்தான் போயிருக்கு" என்றார். "ஆனா டேப் உள்ள ஒடைஞ்சா கதை முடிஞ்சுது. என்ஜினையே எறக்கணும்."

டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, சக்கரத்தைக் கழற்றிய இடைவெளியில் உடம்பை மடக்கி உட்கார்ந்தார். கோணல் இருக்கிறதா என்று இவர் பக்கத்திலிருந்து பார்க்க, நான் டார்ச் பிடித்தேன். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. ஒவ்வொரு முறையும் இரும்பு முனகியது. மூன்றாவது சுற்றில் டேப் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பிச்சையின் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

அந்த நேரம் பார்த்து சாந்தினி உள்ளே வந்தாள். கழற்றிப் போட்டிருந்த சாமான்களைப் பார்த்தாள், குனிந்திருந்த பிச்சையைப் பார்த்தாள்.

"அலாமா! இது என்ன ரவிண்ணே? மறுபடியும் பிச்சைண்ணனா கை வச்சது?"

பிச்சை தலையை நிமிர்த்தவில்லை. டேப்பின் கைப்பிடியையும் விடவில்லை. இவர் பேசாமல் நின்றாலே போதும், பழி தானாகப் பிச்சை மேல் போய் உட்காரும். அதுவும் வேண்டாம் என்றால் என் சந்தனம் இருக்கிறது.

"நான்தான் சாந்தினி" என்றார் இவர். "கோணலா ஏத்தி மரைய நசுக்குனது நான்தான். அவன் காப்பாத்த வந்திருக்கான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மூணு வருஷம் முன்னால எண்ணெய் ஒழுகுச்சே, அதுக்கும் பிச்சை காரணமில்ல. ரப்பர் பழசு. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்போ நான் ஊரெல்லாம் சொன்னது?"

இவர் மறுபடியும் டேப் பக்கம் குனிந்தார்.

"டார்ச்ச ஆட்டாத தங்கச்சி" என்றார் பிச்சை. அவர் மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாகப் பின்னால் அசைத்தார். டக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இல்லை, இரும்புத் தூள் விடுபட்ட சத்தம். அதன்பின் டேப் வழுக்கிக்கொண்டு போனது. துளையைக் கழுவித் துடைத்து, புது போல்ட்டை விரலாலேயே திருகிக் காட்டினார் பிச்சை. கடைசி வரை நேராகப் போனது.

அடுத்த மாதம் சாந்தினியின் காடி செமிலிங்கில் நின்றது. அவளோடு வேலை செய்பவர்களின் காடிகளும் ஒவ்வொன்றாக அங்கே போயின. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சந்தனத்தைப் பற்றி இவர் இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்த வருஷப் பூஜைக்குத் தட்டில் ஒரு போல்ட் கிடந்தது. பொட்டு வைக்கப் போன என் கை தயங்கி நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"வை, அழகு" என்றார். "காலைல நான் தொடைச்சுக்கிறேன்."