உத்தரவு வராத கரும்பு

1988இல் திண்டிவனம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைவிடப் பெரிய ஏசி பெட்டியும் கூடவே வந்தது. அந்தக் குளிரில் எலிகள் கம்பளி கேட்டன என்றால் நம்பத்தான் வேண்டும். அங்கே சி மொழியில் புரோகிராம் எழுதியவள் வளவனூர் தாண்டவராயனின் மகள் அம்சா. எந்த ஊரில் யார் கரும்பை என்றைக்கு வெட்டுவது என்று பட்டியல் போடும் புரோகிராம். அதில் பெயர் வந்தால்தான் வெட்டு உத்தரவு. உத்தரவில்லாத கரும்பை ஆலை வாசலில் மாடுகூடச் சீந்தாது.

எழுதியதைச் சோதித்த கம்ப்யூட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளை அச்சடித்துத் தள்ளியது. காகிதத்தை உருட்டிவிட்டால் விழுப்புரம் ஜங்ஷனில் போய்த்தான் நிற்கும். எல்லாம் ஒரே குறைதான்: பட்டியலைப் பிளாப்பித் தட்டில் எழுது என்று ஏவுகிறாய், எழுதினேன் என்றோ முடியவில்லை என்றோ அது பதில் கொண்டுவருகிறது, நீ காதில் வாங்குவதே இல்லை.

மேலாளர் சக்கரபாணிக்குச் சென்னை அதிகாரிகள் வருகிற கவலை.

"இந்தாம்மா, அவங்க வர்றதுக்குள்ள பேப்பர் வெள்ளையா இருக்கணும். ஜல்தி."

ஒவ்வொரு பதிலையும் கேட்டு எழுத ஒரு மாதம் ஆகும். கிடைத்தது இரண்டு நாள். 'வாய்டு' என்ற சொல்லை ஏவலுக்கு முன்னால் ஒட்டினால் பதிலே வேண்டாம் என்று பொருள். கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொள்ளும். அம்சா எல்லா இடத்திலும் ஒட்டினாள். அதிகாரிகள் வெள்ளைப் பேப்பரைப் பாராட்டி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தை பிறந்தது. மற்ற ஊர்களில் கரும்பு வண்டிகள் நகர்ந்தன. வளவனூரில் ஒரு கழி சாயவில்லை. தாண்டவராயன் தினமும் சாப்பிடும்போது கேட்டார்.

"உத்தரவு இன்னாம்மா ஆச்சு?"

"வரும்பா. மெஷின் தப்பு பண்ணாது."

ஆலைக்குப் போய் விசாரிக்கச் சொன்ன பங்காளிகளை அவர் முறைத்தார். "எம் பொண்ணு பட்டியல் போடற எடத்துல நான் போயி கெஞ்சிக்கினு நிக்கறதா?" அவரை நம்பி ஊரும் சும்மா இருந்தது.

மாசி முடிவில் கரும்பு பூவிட்டு, உள்ளே நெட்டியாகக் காய்ந்தது. அப்போதுதான் அம்சா பிளாப்பியைத் திறந்து பார்த்தாள். நிரம்பி வழிந்திருந்தது. பட்டியலின் கடைசி ஊரான வளவனூரில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. இடமில்லை என்று அது அன்றைக்கே சொல்லியிருக்கிறது.

சக்கரபாணியிடம் ஓடினாள். அரவை முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஒட்டியதையெல்லாம் பிய்த்தெடுக்கட்டுமா என்று கேட்டாள். பேப்பர் கறுப்பாகிவிடும், வேண்டாம் என்றார்.

வீட்டில் சொல்லிவிடத்தான் வந்தாள். தாண்டவராயன் வயலுக்குத் தீ வைத்துவிட்டு, கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். அம்சா அவர் கேட்பதற்காகக் காத்திருந்தாள். அவர் மோர் கேட்டார்.